அசெம்பிள் செய்த சிஸ்டம் திடீர் திடீரென்று ஹேங் ஆகிறதா? பார்ட்ஸ் மாற்றும் முன் வரிசையாகப் பார்க்க வேண்டியவை

நாமே பார்ட்ஸ் பார்த்துப் பார்த்து வாங்கிச் சேர்த்த கம்ப்யூட்டர் சிஸ்டம், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அப்படியே நின்றுவிடும். மவுஸ் நகராது, ஸ்பீக்கரில் பாட்டின் கடைசித் துணுக்கு மட்டும் "ர்ர்ர்ர்" என்று இழுத்துக்கொண்டிருக்கும், பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து அணைப்பதைத் தவிர வேறு வழி இருக்காது. அப்புறம் ரெண்டு நாள் ஒன்றுமே ஆகாது. கடைக்குத் தூக்கிப் போனால் அங்கே சமர்த்தாக ஓடும்.

தண்டையார்பேட்டையில் என் வீட்டு சிஸ்டம் மாதக்கணக்கில் இந்த வேலையைக் காட்டியது. ஒரு கடையில் ஃபார்மட் போட்டுக் காசு வாங்கினார்கள், இன்னொரு கடையில் "மதர்போர்டு போச்சு சார், புதுசு போட்டுடலாம்" என்றார்கள். கடைசியில் பார்த்தால் போர்டு நன்றாகத்தான் இருந்தது. ஒரு ராம் ஸ்டிக்தான் கெட்டிருந்தது, கூடவே வீட்டு பிளக்கில் எர்த் இல்லை. கீழே உள்ள வரிசை செலவில்லாததில் தொடங்கிச் செலவானதில் முடியும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றிச் சரியாகிவிட்டால், எதனால் சரியானது என்று கடைசிவரை தெரியாது.

கையில் இருக்க வேண்டியவை: ஒரு நோட்டு, இரண்டு பென் டிரைவ் (8 ஜிபி ஒன்று, 16 ஜிபி ஒன்று), ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், புது பெயிண்ட் பிரஷ், சாதா டிஜிட்டல் மல்டிமீட்டர். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 1,500 ரூபாய். முழுதும் முடிய இரண்டு மூன்று வாரம் ஆகும் என்று மனதைத் தயார்செய்து கொள்ளுங்கள், ஏனென்றால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் அப்புறம் சில நாள் ஓடவிட்டுப் பார்த்துத்தான் ஆகணும்.

1. ஃபைல்களை வெளியே எடுத்து வையுங்கள்

ஹேங் ஆகிற சிஸ்டத்தைத் திரும்பத் திரும்பப் பவர் பட்டனில் அணைத்தால் விண்டோஸும் கெடும், ஃபைலும் கெடும். காரணம் டிஸ்க்காக இருந்தால் நாளைக்கு அது திறக்காமலே போகலாம். போட்டோ, சர்டிபிகேட் ஸ்கேன், டேலி டேட்டா எதுவானாலும் வேறொரு டிஸ்க்குக்கு இன்றைக்கே காப்பி எடுத்துவிடுங்கள்.

2. எப்படி நிற்கிறது என்று எழுதுங்கள்

"ஹேங் ஆகுது" என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வதில் குறைந்தது நாலு விதமான நோய் இருக்கிறது. அடுத்த தடவை நிற்கும்போது பவர் பட்டனுக்குக் கையைக் கொண்டுபோகும் முன் கீபோர்டில் கேப்ஸ் லாக்கைத் தட்டிப் பாருங்கள்.

விளக்கு மாறவே இல்லை, மவுஸும் அசையவில்லை, சத்தம் இழுக்கிறது என்றால் பெரும்பாலும் ஹார்டுவேர்: ராம், பிராசஸர், போர்டு, பவர். விளக்கு மாறுகிறது, மவுஸும் நகர்கிறது, ஆனால் எதைக் கிளிக் செய்தாலும் திறக்காமல் ஒரு நிமிடம் கழித்து எல்லாம் மொத்தமாகத் திறக்கிறது என்றால் டிஸ்க்கின் மேல் சந்தேகப்படுங்கள். திரை மட்டும் கருப்பாகி, பாட்டு தொடர்ந்து ஓடினால் கிராபிக்ஸ் கார்டு அல்லது அதன் டிரைவர். அப்போது விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நாலையும் சேர்த்து அமுக்கினால் டிரைவர் மறுபடி தொடங்கும். திரை திரும்பி வந்தால் குற்றவாளி கிட்டத்தட்டத் தெரிந்துவிட்டது. நாலாவது, நிற்காமல் பட்டென்று அணைந்து தானே ஆன் ஆவது. அதை ஹேங் கணக்கில் சேர்க்காதீர்கள், அது எஸ்எம்பிஎஸ் (சிஸ்டத்துக்குக் கரண்டை மாற்றித் தரும் பெட்டி) அல்லது வீட்டுக் கரண்ட் பக்கம் போகிற விஷயம்.

நோட்டில் தேதி, நேரம், என்ன ஓடிக்கொண்டிருந்தது, வீட்டில் வேறு என்ன ஓடியது என்று ஒரு வரி போதும். வேறு என்ன ஓடியது என்பதை விட்டுவிடாதீர்கள். போர்ஷன் வீடுகளில் காலையில் பொது மோட்டார் போடும் நேரமும் உங்கள் சிஸ்டம் நிற்கும் நேரமும் பொருந்துகிறதா என்பது நோட்டில் எழுதினால்தான் கண்ணில் படும்.

3. சுவர் பிளக்கைப் பாருங்கள்

யூடியூபில் யாரும் இதைச் சொல்வதில்லை, ஆனால் நம் பக்கத்தில் இதைத்தான் முதலில் பார்க்கணும். பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம், காசிமேடு பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றில் மூன்று ஓட்டை பிளக் இருக்கும், மேல் ஓட்டையில் எர்த் ஒயரே இருக்காது. வெறுங்காலோடு நின்று கேபினெட்டின் பின்பக்கத் தகரத்தைத் தொட்டால் ஜிவ்வென்று இழுக்கிறதா? எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் வழியாக, எர்த் இல்லாத கேபினெட்டில் 230 வோல்ட்டில் பாதி வரை ஏறி நிற்கும். கரண்ட் மிகச் சிறியதுதான், ஆளைக் கொல்லாது. ஆனால் யுஎஸ்பி, ஹெச்டிஎம்ஐ வழியாக அது வெளியேறப் பார்க்கும்போது கீபோர்டு துண்டிப்பு, ஸ்பீக்கர் இரைச்சல், சில நேரம் ஹேங் என்று ஏதாவது ஒன்று வரும்.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மல்டிமீட்டரில் மூன்று அளவு எடுக்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 பக்கம், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரு வோல்ட் வரணும். இரண்டாவது அளவு பாதியாகவோ மிதந்துகொண்டோ இருந்தால் எர்த் இல்லை. பழக்கம் இல்லாதவர்கள் பிளக்கில் நீங்களே மீட்டரைக் குத்தாதீர்கள். வீட்டில் ஏற்கெனவே எர்த் லைன் இருந்து பிளக் வரை ஒயர் மட்டும் இழுப்பதென்றால் சில நூறில் முடியும். புதிதாக எர்த் பைப் இறக்குவதென்றால் ஆயிரக்கணக்கில் போகும், வாடகை வீடு என்றால் ஓனரிடம் பேசித்தான் ஆகணும். நியூட்ரலை எர்த்தோடு முடிச்சுப் போட்டுத் தருகிறேன் என்று ஒருவர் சொல்வார், சம்மதிக்காதீர்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் கேபினெட் முழுக்க 230 வோல்ட் நிற்கும்.

அப்புறம் ஜங்ஷன் பாக்ஸ். ஃபிரிட்ஜும் சிஸ்டமும் ஒரே பாக்ஸில் வேண்டாம். யுபிஎஸ் இருந்தால் சில நாள் அதைக் கழற்றிவிட்டு நேராகச் சுவரில் போட்டு ஓட்டிப் பாருங்கள். பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் செத்துவிடும், செத்த பேட்டரியோடு இருக்கும் யுபிஎஸ் லேசான வோல்டேஜ் இறக்கத்துக்கே தடுமாறும். வீதியில் எல்லோருக்குமே லோ வோல்டேஜ் என்றால் மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987-க்கு போன் போட்டுப் புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரில் 100 முதல் 240 வோல்ட் என்றிருந்தால் லோ வோல்டேஜைத் தாங்கும். மலிவு மாடல்களில் 200 முதல் 240 என்றுதான் இருக்கும், சாயங்கால நேரத்தில் அவை திணறும்.

4. விண்டோஸ் எழுதி வைத்திருப்பதைப் படியுங்கள்

ஸ்டார்ட்டில் இவென்ட் வியூவர் என்று தேடித் திறந்து, விண்டோஸ் லாக்ஸில் சிஸ்டத்துக்குப் போய், உங்கள் நோட்டில் எழுதிய நேரத்துக்கு வாருங்கள். கெர்னல் பவர் 41 என்று சிவப்பாக ஒன்று இருக்கும். அதைப் பார்த்ததும் "பவர் பிராப்ளம், எஸ்எம்பிஎஸ் மாத்து" என்பார்கள். அவசரப்படாதீர்கள். முறையாக ஷட்டவுன் ஆகாமல் அணைந்தது என்பதற்கு மேல் 41 ஒன்றும் சொல்வதில்லை, நீங்கள் பட்டனை அமுக்கி அணைத்தாலும் அதுதான் பதிவாகும்.

அதற்கு முந்தைய சில நிமிடங்களில் என்ன இருக்கிறது என்பதைப் பாருங்கள். வீயா லாகர் (WHEA-Logger) 18 என்றால் பிராசஸர், போர்டு வட்டாரத்தில் ஹார்டுவேர் பிழை. 129 என்றால் டிஸ்க் பதில் சொல்லாததால் அதை ரீசெட் செய்திருக்கிறது. 7 என்றால் டிஸ்க்கில் பேட் பிளாக், அதாவது கெட்டுப்போன இடம். 4101 என்றால் டிஸ்பிளே டிரைவர் மயங்கி எழுந்திருக்கிறது. ஒன்றுமே எழுதப்படாமல் நேராக 41 மட்டும் இருந்தால், எழுதக்கூட அவகாசம் இல்லாமல் நின்றுவிட்டது என்று அர்த்தம். அது ராம் அல்லது பவர் பக்கம் கை காட்டும். தென்பட்டதை மொபைலில் போட்டோ எடுத்து வையுங்கள், வாரண்டிக்குப் போகும்போது உதவும்.

5. ஃபார்மட் போடும் முன் லினக்ஸில் ஓட்டுங்கள்

பென் டிரைவில் உபுண்டு என்ற இலவச லினக்ஸை ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே பூட் செய்து, ஒரு முழு நாள் அதிலேயே வீடியோ பாருங்கள். அதிலும் நின்றால் விண்டோஸின் மேல் பழியில்லை, ஃபார்மட் காசு மிச்சம். அதில் நிற்காமல் விண்டோஸில் மட்டும் நின்றால் டிரைவர், ஆன்டிவைரஸ், அல்லது விண்டோஸ் இருக்கும் டிஸ்க். நாள்பட்டு ஒரு தடவை மட்டும் நிற்கிற சிஸ்டத்தில் இந்த ஒரு நாள் சோதனை முடிவாகாது, சில நாள் ஓட்டணும்.

6. திறந்து சுத்தம் செய்து, எல்லாவற்றையும் மறுபடி செருகுங்கள்

சுவிட்சை அணைத்து, ஒயரைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒரு தடவை அமுக்கி மிச்சக் கரண்டை வடியவிட்டு, அப்புறம் திறங்கள். எண்ணூர் சாலை, மணலி பக்கம் இருப்பவர்களுக்கு உள்ளே என்ன இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். கன்டெய்னர் லாரிக் கரியும் கடல் ஈரமும் சேர்ந்த கருப்புத் தூசி, ஃபேன் இறக்கையில் பிசின் மாதிரி ஒட்டியிருக்கும். ப்ளோயர் அடித்தால் போகாது, உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கணும். ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு தேயுங்கள். ஈரத் துணி கூடாது. எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் திறக்கவே கூடாது, ஒயரைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஷாக் இருக்கும்.

பின்பக்க யுஎஸ்பி போர்ட் ஓரத்தில் பழுப்புத் துரு, ஸ்க்ரூ தலையில் வெள்ளை பூத்திருப்பது இதெல்லாம் கடலோர வீட்டில் இரண்டு வருடத்திலேயே தெரியும். வெளியே அப்படி என்றால் ராம் பற்களிலும் படலம் இருக்கும். ராமைக் கழற்றி, தங்க நிறப் பற்களை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் லேசாகத் துடைத்து, காய்ந்ததும் இரண்டு பக்கமும் "டக்" என்று பூட்டும்வரை அழுத்துங்கள். பிராசஸருக்கு மேலே மூலையில் செருகும் 8 பின் ஒயரை மறக்காதீர்கள். கை நுழையாத இடம் என்பதால் பாதி செருகியபடியே பல சிஸ்டம் ஓடிக்கொண்டிருக்கும். டிஸ்க்கைப் போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளையும் அப்படியே கழற்றிச் செருகுங்கள்.

7. பயாஸ்

போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க மென்பொருள்தான் பயாஸ். அதில் லோடு டீஃபால்ட்ஸ் கொடுத்து சேவ் செய்யுங்கள். ராமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ ஆனில் இருந்தால் அதோடு அணைந்துவிடும். இந்த நிலையில் சில நாள் ஹேங் வரவில்லை என்றால் ராம் வேகம்தான் காரணம் என்று பாதி உறுதி.

பயாஸ் அப்டேட் சும்மா போடுகிற விஷயம் இல்லை, பாதியில் கரண்ட் போனால் போர்டு போச்சு. ஆனால் சில பிராசஸர்களுக்குப் போட்டே ஆகணும். இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் பலவற்றில் அதிக வோல்டேஜ் போய்ச் சிப்பே தேய்கிற கோளாறு இருந்தது. 2024 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் அதற்கு மைக்ரோகோட் (பிராசஸரின் உள்கட்டளைகள்) திருத்தம் பயாஸ் வழியாக வந்தது, வாரண்டியையும் இன்டெல் இரண்டு வருடம் கூட்டியது. ஏற்கெனவே தேய்ந்துவிட்ட சிப்பை அப்டேட் குணமாக்காது, மாற்றித்தான் வாங்கணும். ஏஎம்டியின் ரைசன் பிராசஸர் வைத்திருந்து, அவ்வப்போது ஓரிரு நொடி மட்டும் திக்கினால் எஃப்டிபிஎம் என்ற பாதுகாப்பு அம்சத்தின் கோளாறாக இருக்கலாம், 2022-இல் வந்த பயாஸ்களில் அது தீர்ந்தது. பழைய ரைசன் வேலை செய்யும்போது நன்றாக ஓடி, சும்மா விட்டால் மட்டும் நின்றால், பயாஸில் பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல் என்பதை டிபிகல் கரண்ட் ஐடில் என்று மாற்றிப் பாருங்கள். செலவு பூஜ்யம்.

8. ராம் டெஸ்ட்: ஒரு ராத்திரி கொடுங்கள்

விண்டோஸுக்குள் இருக்கும் மெமரி டயக்னாஸ்டிக்கை நம்பி "ராம் ஓகே" என்று முடிவு கட்டாதீர்கள், என் கெட்ட ஸ்டிக்கை அது பாஸ் செய்து அனுப்பியது. மெம்டெஸ்ட்86-ஐ 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து, இரவு படுக்கும்போது போட்டுவிடுங்கள். இலவசப் பதிப்பு நாலு சுற்று ஓடும், 16 ஜிபிக்குச் சில மணி நேரம் ஆகும். பயாஸில் அணைத்த எக்ஸ்எம்பியை மறுபடி ஆன் செய்து, நீங்கள் வழக்கமாக ஓட்டும் வேகத்திலேயே முதலில் ஓட்டுங்கள்.

பிழை ஒன்றே ஒன்று வந்தாலும் பிழைதான். "ஆயிரக்கணக்கான கோடி பிட்டில் ஒண்ணுதானே" என்று விடக்கூடாது. என்னுடையதில் முதல் இரண்டு சுற்று சுத்தமாக ஓடி, மூன்றாவதில் சிவப்பு வரி வரத் தொடங்கியது. இரண்டாவதோடு எழுந்து அணைத்திருந்தால் இன்னும் தேடிக்கொண்டிருப்பேன்.

பிழை வந்தால் எக்ஸ்எம்பியை அணைத்து மறுபடி ஓட்டுங்கள். அப்போது வரவில்லை என்றால் அந்த வேகம் உங்கள் போர்டுக்கும் பிராசஸருக்கும் ஒத்துவரவில்லை, ஒரு படி குறைத்து வைத்துக்கொண்டாலே போதும். அப்போதும் வந்தால் ஒரு ஸ்டிக்கை மட்டும் போட்டு டெஸ்ட், அடுத்து மற்றதை அதே ஸ்லாட்டில் போட்டு டெஸ்ட். பிழை ஸ்டிக்கோடு கூடவே போனால் ஸ்டிக் கெட்டது. எந்த ஸ்டிக்கைப் போட்டாலும் ஒரே ஸ்லாட்டில் மட்டும் வந்தால் ஸ்லாட் அல்லது பிராசஸர் சாக்கெட். இரண்டு ஸ்டிக் என்றால் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது ஸ்லாட்டில் போடுவதுதான் பெரும்பாலான போர்டுகளில் முறை.

இன்னொரு பொறி: ஒன்றை இன்று வாங்கி, இன்னொன்றை அடுத்த தீபாவளிக்கு வாங்கி ஜோடி சேர்ப்பது. மாடல் நம்பர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே சிப் வேறாக இருக்கும், ஒத்துப்போகாமல் மக்கர் செய்யும். முடிந்தால் இரண்டையும் ஒரே டப்பாவில் வருவதாக வாங்குங்கள்.

9. டிஸ்க்

டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவைத் திறந்தால் "குட்" என்று நீலத்தில் காட்டும், அதோடு மூடிவிடாதீர்கள். சாட்டா டிஸ்க் என்றால், கீழே பட்டியலில் 05, சி5, சி6 வரிகளில் பூஜ்யம் இல்லாமல் எண் ஏறிக்கொண்டே வந்தால் டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது. சி7 மட்டும் ஏறினால் டிஸ்க்கை விட்டுவிட்டு 100 ரூபாய் சாட்டா கேபிளை மாற்றுங்கள். எஸ்எஸ்டியை விளிம்புவரை நிரப்பி வைத்திருந்தாலும் திணறும், பத்தில் ஒரு பங்காவது காலியாக விடுங்கள்.

10. சூடு, எஸ்எம்பிஎஸ், கிராபிக்ஸ் கார்டு

மே மாதத்தில் ஹேங் ஆனால் எல்லோரும் சூட்டைத்தான் சொல்வார்கள். இன்றைய பிராசஸர் சூடானால் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், தாங்காவிட்டால் அணைந்துவிடும், திரையை உறையவைத்துவிட்டு நிற்பது குறைவு. சூட்டை அளந்து காட்டும் ஹெச்டபிள்யூ இன்ஃபோவில் லாக் போட்டு, நிற்கிற நேரத்துக்கு முந்தைய வரியில் 95 டிகிரியைத் தொட்டிருந்தால் மட்டும் பிராசஸர் மேல் தடவியிருக்கும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றுங்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்ட் லைன் 11.4-க்கும் 12.6-க்கும் இடையே, 5 வோல்ட் லைன் 4.75-க்கும் 5.25-க்கும் இடையே இருக்கணும். மல்டிமீட்டரில் சரியாகக் காட்டினாலும் லோடு ஏறும்போது துள்ளலாம், அந்தத் துள்ளல் மீட்டரில் தெரியாது. அதனால் நண்பரிடம் நல்ல எஸ்எம்பிஎஸ் இரண்டு நாள் கடன் வாங்கிப் போட்டுப் பார்ப்பதுதான் உறுதி. பெட்டியில் 80 பிளஸ் முத்திரை இருந்தால் கரண்டை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்று அர்த்தம், தரத்துக்கு அது உத்தரவாதம் இல்லை. கிராபிக்ஸ் கார்டுக்கு இரண்டு 8 பின் தேவை என்றால் ஒரே ஒயரின் இரண்டு தலையைச் செருகாமல் தனித்தனி ஒயர் போடுங்கள். பிராசஸரிலேயே டிஸ்பிளே இருந்தால் கார்டைக் கழற்றி வைத்து ஒரு வாரம் ஓட்டுவது இலவச சோதனை.

11. வாரண்டிக்குப் போகும்போது

எந்த பார்ட் என்று தெரிந்த பிறகு அதை மட்டும் எடுத்துப் போங்கள். வடசென்னையிலிருந்து, கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு விம்கோ நகர் மெட்ரோ லைனில் ஏறி அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கினால் நடந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், மற்ற நாளிலும் 11 மணிக்கு முன்னால் போய்ப் பிரயோஜனம் இல்லை. முழு கேபினெட்டையே கொண்டு போயாக வேண்டும் என்றால் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள், ஆட்டோ பள்ளத்தில் குதிக்கிற குதியில் ஸ்லாட்டே பிய்ந்துவரும்.

கொண்டு போக வேண்டியவை: சீரியல் நம்பர் எழுதிய ஜிஎஸ்டி பில், சீரியல் ஸ்டிக்கரோடு அசல் டப்பா, பிழை வந்த திரையின் போட்டோ. கடை பில் பல சமயம் தெர்மல் பேப்பரில் இருக்கும், ஒரு வருடத்தில் வெறும் வெள்ளைத்தாள் ஆகிவிடும். வாங்கிய அன்றே போட்டோ எடுத்து, ஜெராக்ஸும் போட்டு வையுங்கள். "பில் இல்லாம வாங்கினா 18 சதவீதம் குறையும்" என்பார்கள். அந்த 18 சதவீதம்தான் உங்கள் வாரண்டி. போர்டைக் கொடுப்பதாக இருந்தால் பிராசஸர் சாக்கெட்டின் பின்களைக் கவுன்டரில் அவர் கண்ணெதிரே போட்டோ எடுங்கள், பின் வளைந்திருந்தால் வாரண்டி கிடையாது, யார் வளைத்தது என்ற பேச்சு அப்புறம் முடியவே முடியாது. டிஸ்க்கைக் கொடுத்தால் உள்ளே இருப்பது திரும்பி வராது.

கொடுத்ததற்கு சீரியல் நம்பரோடு ரசீது வாங்காமல் நகராதீர்கள். இரண்டு மூன்று வாரம் ஆகும். அதற்கு மேலும் இழுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள், பல நேரம் அதுவே வேலை செய்யும். செய்யாவிட்டால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை, பிரச்சனை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போடணும்.

மாற்றித் தந்த பார்ட்டும் சில நேரம் பழுது பார்த்து வந்த பழையதாக இருக்கும். வாங்கி வந்த அன்று இரவே அதற்கும் அதே டெஸ்ட்டைப் போடுங்கள். புது சீரியல் நம்பரைப் பழைய பில்லின் மேல் எழுதி, கடையில் சீல் வைத்து வாங்குங்கள்.